பேரும் தெருவும்

முன்னால் வரும் பேச்சை மட்டும் வெட்டிக் கொடுத்தால் போதும் என்றாள் சினிமாவுக்குப் பாட்டு தேடிக் கொடுக்கும் தீபிகா. படக்காரர்கள் பாட்டின் மேல் கை வைக்கமாட்டார்கள், அது அப்படியே படத்தில் வரும் என்றாள்.

விக்ரம் ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரச் சோதனை பார்ப்பவன். கேன்டீன் வாசலில் நின்று போனைக் காதில் வைத்திருந்தான். உள்ளே தட்டில் சாம்பார் சாதம் ஆறிக்கொண்டிருந்தது.

"புரியுதா சார்? படத்துல டைட்டில் ஓடுற இடம். முழுப் பாட்டும் வருது. ஆரம்பத்துல எல்லாரும் பேரும் தெருவும் சொல்றாங்க இல்ல, அது மட்டும் வேணாம்ன்றாங்க. மியூசிக் நேரா ஆரம்பிக்கணுமாம்."

"சரி."

"சரின்னா, வெட்டி அனுப்பிடுவீங்களா?"

"அனுப்பறேன்."

போனை வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்று யோசித்தான். இப்போதெல்லாம் அப்படித்தான். மேனேஜர் கேட்டாலும் சரி, அம்மா கேட்டாலும் சரி. மனைவி ஷாரோன் போன பிறகு அவனிடம் மிச்சமிருந்த சொல் அது ஒன்றுதான்.

போன ஆடியில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் தலை வலிக்குது என்றாள். மூளைக்குள் ரத்தக்குழாய் ஒன்று வெடித்திருந்தது. மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவளுக்கு இருபத்தொன்பது வயது. அவனுக்கு முப்பத்தொன்று. அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து பெற்று வளர்த்தது என்று சொன்னால் அமாவாசை ரெக்கார்ட்ஸ் ஒன்றுதான். அதன் அறையை அவன் அதற்குப் பிறகு திறக்கவில்லை.

அமாவாசை ரெக்கார்ட்ஸ் என்ற பெயரைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. சபையில் போதகரே கேட்டார், "ஏம்பா, வேற நல்ல நாளே கெடைக்கலையா?" கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. பெரிய காஞ்சிபுரத்தில், பஞ்சுக்காரத் தெருவில், அவர்களுக்கு வாய்த்தது ஒரே ஓர் அறை. அதன் சுவருக்கு அந்தப் பக்கம் துரைக்கண்ணுவின் தறிகள். விடிந்தால் தொடங்கி விளக்கு வைக்கும் வரை அடிக்கும். ஆனால் அமாவாசை அன்றைக்கு நெசவாளி தறியில் உட்காரமாட்டான். காஞ்சிபுரத்தில் அன்றைக்குத் தெருவே வாய்பேசாது. நாய் கொட்டாவி விடுவதுகூடக் கேட்கும். ஆகவே மாதத்தில் அந்த ஒரு நாள்தான் அவர்கள் பாட்டுப் பதிவு செய்ய முடியும்.

அந்த அறை கிடைத்ததே ஒரு கதை. ஷாரோன் ஒரு காது ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். ஹெட்போனைக் காதில் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்லும் வேலை. ஊரில் யாருக்கு எவ்வளவு கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். ஊரில் யார் பாட்டும் சரியாகப் பதிவாகவில்லை என்பதும் தெரியும். கல்யாணத்துக்கு வந்த நகைப் பணத்தில் நகை வாங்காமல் ஒரு நல்ல மைக்கும் பாட்டைப் பதியும் ஒரு பெட்டியும் வாங்கினாள். வைக்கத்தான் இடமில்லை. மேட்டுக் காலனியில் அவர்கள் வீடு இரண்டு அறை. தெருத்தெருவாக வாடகைக்குக் கேட்டார்கள். எல்லா இடத்திலும் முதலில் சிரித்த முகம். பிறகு, "எந்தத் தெரு நீங்க?" மேட்டுக் காலனி என்று சொன்னதும் அந்த அறை போன வாரமே வேறு ஒருவருக்குப் பேசி முடிந்துபோயிருக்கும்.

துரைக்கண்ணு மட்டும் அதைக் கேட்கவில்லை. தன் வீட்டை ஒட்டிய அறையை, முன்பு தறிக்கு டிசைன் அட்டை குத்திய கடையை, திறந்து காட்டினார். பிறகு கவலையோடு கேட்டார்.

"பாட்டுன்றீங்க. சத்தம் ஜாஸ்தி இருக்குமாபா?"

அவர் பின்னால் இரண்டு தறியும் அடித்துக்கொண்டிருந்தன. ஷாரோன் வீட்டுக்கு வந்தும் சிரித்தாள். குளிக்கும்போதும் சிரித்தாள்.

அறையில் மிச்சமிருந்த ஓட்டை போட்ட அட்டைகளைச் சுவர் முழுக்கத் தைத்துத் தொங்கவிட்டார்கள், தறிச் சத்தத்தைத் தடுக்கும் என்று. ஓட்டை போட்ட அட்டை எதைத் தடுக்கும்? பார்க்க அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

முதல் பதிவு யேசுதாசுடையது. பஸ் ஸ்டாண்டுக்கும் ஏனாத்தூருக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். கானா பாடுவார். ஆட்டோவில் பாடி ஆள் சேர்ப்பார் என்பார்கள், பாட்டுக்குப் பயந்து இறங்கி நடந்தவர்களும் உண்டு என்று அவரே சொல்லிக்கொள்வார். டோலக் அடிக்க லோகேஸ்வரன் வந்தான். பைக் மெக்கானிக். மீசை அரும்பும் வயசு அப்போது. மைக் ஒன்றுதான். எல்லாரும் அதைச் சுற்றி நிற்க வேண்டும்.

பாடுவதற்கு முன்னால் ஷாரோன் சொன்னாள். "ஒவ்வொருத்தரும் பேரச் சொல்லுங்க. தெருவயும் சொல்லுங்க."

"தெரு எதுக்கும்மா?" என்றார் யேசுதாஸ்.

"ஊரே கேக்குது இல்ல, எந்தத் தெரு எந்தத் தெருன்னு. கேக்கறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிடலாம்."

யேசுதாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். லோகேஸ்வரன் முறை வந்தது. "லோகேஸ்வரன்," என்றான். பிறகு சட்டைப் பட்டனைப் பார்த்துக்கொண்டு, "பஸ் ஸ்டாண்டு பக்கம்."

ஷாரோன் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினாள். "பஸ் ஸ்டாண்டு பக்கம் எல்லாரும் ஒண்ணுக்குப் போறாங்க. உன் வூடு எங்க இருக்குது? அதச் சொல்லு."

அறையே சிரித்தது. லோகேஸ்வரன் காது சிவந்தது. அன்றைக்கு மேட்டுக் காலனி என்பதை அவன் சொன்ன சத்தம் மைக்குக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் சொன்னான். அதுவே வழக்கமாகிவிட்டது. அமாவாசை ரெக்கார்ட்ஸில் எந்தப் பாட்டும் பேரும் தெருவும் இல்லாமல் தொடங்கியதில்லை. எல்லாரும் சொல்லி முடித்ததும் ஷாரோன் தூக்கிய கையைக் கீழே விடுவாள். பாட்டு ஆரம்பிக்கும். பதிவு செய்கிறவள் பேசக்கூடாது என்பது அவள் கட்டுப்பாடு. விக்ரம் வாசலில் நின்று தெருவில் வண்டி வராமல் பார்த்துக்கொள்வான்.

கடையில் விற்க அவர்களிடம் எதுவும் இல்லை. யேசுதாசின் ஆட்டோ இருந்தது. அவர் தோழர்களின் ஆட்டோக்கள் இருந்தன. பாட்டை மெமரி கார்டில் போட்டுக் கொடுத்தார்கள். ஆட்டோ முதுகில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். வெறும் கறுப்பு வட்டம்.

"இன்னாபா இது, டயரா?"

"நிலா."

"கறுப்பா இருக்குது?"

"அமாவாசை நிலா."

ஏனாத்தூர் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் ஆட்டோவில் கேட்டார்கள். போனுக்கு வாங்கிக்கொண்டார்கள். யூடியூபில் கேட்டுவிட்டு துபாயில் கொத்து வேலை பார்க்கும் ஒருவர், தன் தெருப் பெயரை ஒரு பாட்டின் முன்னால் கேட்டேன், திரும்பத் திரும்ப அதையே கேட்டேன் என்று எழுதினார். பாட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை எழுதவில்லை. ஷாரோன் அதைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்றாள். கிறிஸ்துமஸ் பஜனைக்கு ஒரு பதிவு. தெருக்கூத்து அடவுக்கு ஒன்று. சாவு மேளம் அடிக்கும் அண்ணன் தம்பிகள், கல்யாணத்தில் அடிக்க ஆசை என்று வந்தார்கள். அவர்களுக்கு ஒன்று. ஒரு மாதம் மழை. கூரைத் தகரத்தில் விழுந்த சத்தத்தில் எதுவும் ஆகவில்லை. எல்லாரும் வடை தின்றுவிட்டுப் போனார்கள். இத்தனைக்கும் நடுவே பத்திரிகையில் ஒரு முறை படம் வந்தது. படத்தில் ஷாரோன் கண்ணை மூடியிருந்தாள்.

தீபிகா கேட்டது இவற்றில் எதையும் இல்லை. அவள் கேட்டது 'இருக்கையிலே' என்ற பாட்டை.

அது கங்கையம்மாளுடையது. பஸ் ஸ்டாண்டுப் பின்புறம் நாஷ்டா கடை வைத்திருக்கிறவள். இட்லி, வடகறி. சாவு விழுந்த வீட்டுக்கு ஒப்பாரி பாடக் கூப்பிடுவார்கள். செத்தவரின் குணம், நடை, சாப்பாட்டு ருசி எல்லாவற்றையும் அடுக்கி, கல்லும் கரையப் பாடுவாள். ஷாரோன் ஒருநாள் இட்லி தின்றுகொண்டே கேட்டாள், "ஏன் அத்தே, இதையெல்லாம் ஆளு உசுரோட இருக்கும்போது பாடினா என்ன?" கங்கையம்மாள் கரண்டியோடு நின்றுவிட்டாள். ஒரு மாதம் கழித்துப் பாட்டோடு வந்தாள். ராகம் ஒப்பாரி. பாட்டு, உயிரோடு இருப்பவர்களுக்கு.

*வாசப்பூ கொண்டு வந்தேன், வாடும் முன்னே சொல்ல வந்தேன்,*
*இருக்கையிலே சொல்லிப்புட்டேன், எழுந்து நின்னு கேட்டுக்கோம்மா.*

இரண்டாவது அடியைப் பின்னால் ஒரு பெண் குரல் திருப்பிப் பாட வேண்டும். அதற்குப் பிரியதர்ஷினி. துரைக்கண்ணுவின் தறியில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, சேலைக் கரைக்கு நூல் நாடாவைத் தள்ளிவிடும் பெண். நல்ல குரல்.

அந்த மாதம்தான் விக்ரம் அந்தத் தப்பைச் செய்தான்.

எந்த நாள் அமாவாசை என்று எப்போதும் துரைக்கண்ணுவைக் கேட்பார்கள். அவர் மகள் கல்யாணத்துக்காகத் திருத்தணி போயிருந்தார். விக்ரம் வீட்டில் மாட்டியிருந்தது சபை கொடுத்த காலண்டர். அதில் வசனம் இருக்கும், திதி இருக்காது. அவன் போனில் பார்த்தான். நிலாப் படம் போட்ட ஒரு ஆப். புதன்கிழமை நிலா முழுக் கறுப்பாக இருந்தது. எல்லாருக்கும் புதன் என்று சொல்லிவிட்டான். பி.எஸ்சி. இயற்பியல் படித்தவன் சொன்னால் யார் மறுப்பார்கள்?

அமாவாசை புதன் காலையோடு முடிந்தது. நாள்காட்டியில் செவ்வாய்க்கிழமையே போட்டிருந்தார்கள். ஊர் நெசவாளர் எல்லாரும் செவ்வாய் விடுமுறை விட்டுவிட்டார்கள். பிரியதர்ஷினி, அமாவாசை அதுதானே என்று, அன்றைக்கே வந்து பூட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். புதன் காலை யேசுதாஸ் ஆட்டோவை நிறுத்திவிட்டு, கங்கையம்மாள் கடையை மூடிவிட்டு வந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் தறி கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"டேய் விஞ்ஞானி," என்றார் யேசுதாஸ். "உன் நிலா எந்த ஊரு நிலாடா?"

விக்ரம் ஓடிப்போய், முந்தின ராத்திரிதான் ஊர் திரும்பியிருந்த துரைக்கண்ணுவிடம் கெஞ்சினான். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "கல்யாணத்துக்குப் போனதுல வேல நின்னுபோச்சுபா. முகூர்த்தச் சேல. வெள்ளிக்கெழம அறுத்துக் குடுக்கணும். இந்தப் பொண்ணையும் அனுப்ப முடியாது, அது எழுந்தா தறி நிக்கும்." எதிர்ப்பக்கத்தில் பிரியதர்ஷினி நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினாள்.

திரும்பி வந்து சொன்னான். எல்லாரும் ஷாரோனைப் பார்த்தார்கள். அவள் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் தறியைக் கேட்டாள்.

"ஓடட்டும்," என்றாள். "லோகு, அது கூடவே அடிக்க முடியுமா?"

லோகேஸ்வரன் தொடையில் தட்டிப் பார்த்தான். தறி அடிக்கும், ஒரு மூச்சு விடும், மறுபடி அடிக்கும். அந்த மூச்சில் அவன் டோலக்கை நுழைத்தான். கங்கையம்மாளின் தலை தானாக ஆடியது.

பின்பாட்டுக்கு ஆள் இல்லை. ஷாரோன் பெட்டியில் பொத்தானை அழுத்திவிட்டு வந்து மைக்குக்கு முன்னால், கங்கையம்மாள் பக்கத்தில் நின்றாள்.

பாட்டு ஊரைச் சுற்றியது. ஆட்டோவில் ஏறுகிற கிழவிகள் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த ஸ்டாப்பில் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். துரைக்கண்ணுவுக்கு மட்டும் ஒரு மனக்குறை. "என் தறிதான் பாடுது. என் பேரு எங்க?" பார்க்கும்போதெல்லாம் கேட்பார். விக்ரமின் தப்பை யாரும் மறக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் யாராவது ஒருவர் அவனிடம் நிலா என்ன கிழமை என்று கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்ததும் அறையைத் திறந்தான். பூட்டு இறுகிப்போயிருந்தது. சுவரில் அட்டைகள் தூசியோடு தொங்கின. பக்கத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது. ஷாரோனின் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே பெட்டியை ஓடவிட்டான். எங்கே வெட்ட வேண்டும் என்று பார்க்கக் கேட்டாக வேண்டும். அவள் போன பிறகு அவன் இந்தப் பாட்டைக் கேட்டதில்லை. ஆட்டோவில் போட்டால் இறங்கிவிடுவான்.

தறிச் சத்தம். பிறகு குரல்கள்.

"கங்கையம்மாள். குளத்தங்கரை காலனி."

"யேசுதாஸ். மேட்டுக் காலனி, சர்ச்சு எதிர்ல."

"லோகேஸ்வரன்! மேட்டுக் காலனி! மூணாவது சந்து!"

பிறகு ஒரு சின்னத் தயக்கம். ஒரு சிரிப்பை அடக்குகிற மூச்சு.

"ஷாரோன். மேட்டுக் காலனி." மைக்கைச் சுற்றி எல்லாரோடும் ஒட்டி நின்றதால் அவள் கையை யாரும் பார்க்க முடியாது. அதனால் வாயால் சொன்னாள். "போலாம்பா."

பாட்டு ஆரம்பித்தது. அவன் நிறுத்தினான். முதலிலிருந்து வைத்தான்.

அவள் குரல் அவன் போனிலும் இருந்தது. பால் வாங்கிட்டு வா. சாவி எங்க வெச்ச. அது வேறு. இது மைக் முன்னால், நிமிர்ந்து நின்று, ஊர் கேட்கட்டும் என்று சொன்னது. அமாவாசை ரெக்கார்ட்ஸின் பாட்டுகள் அத்தனையும் அவள் பதிவு செய்தவை. அவள் பேர் இருப்பது இந்த ஒன்றில்தான். அவன் கிழமையைச் சரியாகப் பார்த்திருந்தால் இதுவும் இருந்திருக்காது.

பெட்டியின் திரையில் வெட்டுகிற இடத்தில் சுட்டியை வைத்தான். விரல் அழுத்தவில்லை. பெட்டியை அணைத்துவிட்டு நாஷ்டா கடைக்கு நடந்தான். இந்தக் குரல்கள் அவனுடையவை மட்டும் இல்லை. வெட்டவும் வெட்டாமல் விடவும் அவன் யார்?

கூட்டம் ஓய்ந்த நேரம். கங்கையம்மாள் பாத்திரம் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். யேசுதாஸ் காக்கிச் சட்டையோடு இட்லிக்கு உட்கார்ந்திருந்தார். லோகேஸ்வரன் கையில் கிரீஸ்.

"தோ பாரு, மொதலாளி," என்றார் யேசுதாஸ். "வழி தெரிஞ்சு வந்தியா, இல்ல போன்ல பாத்துக்கினு வந்தியா?"

விக்ரம் உட்கார்ந்தான். சினிமா, டைட்டில், வெட்டுவது. சுருக்கமாகச் சொன்னான். தான் சரி சொல்லிவிட்டதையும் சொன்னான்.

"எங்களக் கேக்காம சரின்ட்டியா?" என்றாள் கங்கையம்மாள்.

"ஆமா அத்தே."

"இப்ப கேக்குறியா?"

"ஆமா."

லோகேஸ்வரன் குதித்தான். "இதுல கேக்கறதுக்கு இன்னாணா இருக்குது? வெட்டு. சினிமாணா! கண்ணு மூடித் தொறக்கற நேரம் வர்ற பேச்சு அது. அதுக்காக பாட்டையே வுடுவாங்களா யாராவது?"

"பேரு கடைசியில எழுத்துல போடுவாங்களாம்," என்றான் விக்ரம்.

"அப்புறம் இன்னா!"

"கடைசியில எழுத்து ஓடும்போது ஜனம் செருப்பத் தேடிக்கினு இருக்கும்டா," என்றார் யேசுதாஸ். "டைட்டில்ன்றது இன்னா? அவங்க பேரு ஓடற எடம். அவங்க பேரு ஓடறதுக்கு நம்ம பேர அறுக்கணுமா? சோக்கா இருக்குதே நாயம்."

"உனக்கு ஆட்டோவே போதும். எனக்கு அப்படியா?" லோகேஸ்வரன் குரல் ஏறியது. "நான் வாசிச்சது தியேட்டர்ல கேக்கணும். அவ்ளோதான். தப்பா?"

"தப்பு இல்ல," என்றாள் கங்கையம்மாள். "எனக்கும் ஆச இருக்குது. இல்லன்னு சொன்னா வாய் அழுவிப்பூடும். என் பாட்டு சினிமால வந்தா இந்தத் தெருவுக்கே வடகறி சும்மா குடுப்பேன்." துணியில் கையைத் துடைத்தாள். "எங்க, அதப் போடு. நானும் கேட்டு நாளாச்சு."

போனில் இருந்தது. வெட்டாதது. மேசைமேல் வைத்தான்.

கங்கையம்மாள். குளத்தங்கரை காலனி. யேசுதாஸ். பிறகு லோகேஸ்வரனின் குரல் கடையை நிறைத்தது. மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆள் திரும்பினார்.

"யாருபா அது, ஏலம் வுடறவன் மாதிரி?"

லோகேஸ்வரன் கையிலிருந்த கிரீஸைப் பார்த்தான். பிறகு, "நான்தான்," என்றான்.

"மேட்டுக் காலனியா நீ?"

"மூணாவது சந்து," என்றான். வாய் தானாகச் சொல்லியது.

அதற்குள் ஷாரோன் வந்துவிட்டாள். ஷாரோன். மேட்டுக் காலனி. போலாம்பா. யேசுதாஸ் இட்லியிலிருந்து கையை எடுத்தார். டீ குடித்தவர்கூட ஏதோ புரிந்து தலையைக் குனிந்துகொண்டார். பாட்டு முழுக்க ஓடி முடிந்தது.

விக்ரம் கேட்டான், "அத்தே, அவ அடக்கத்துக்கு வந்தீங்க. பாடல. ஏன்?"

இத்தனை மாதமாக அவனுக்குள் கிடந்த கேள்வி. அதைக் கேட்கப்போகிறோம் என்று அவனுக்கே தெரியாது.

கங்கையம்மாள் அவனைப் பார்த்தாள். "சாவு வூட்ல நான் செத்தவங்க பேரச் சொல்லிச் சொல்லித்தான் பாடுவேன். அவங்களால சொல்ல முடியாது இல்ல, அதுக்குத்தான். என் பேரு இன்னான்னு ஒரு வூட்லயும் கேட்டதில்ல, ஏ பாட்டுக்காரம்மான்னுதான் கூப்புடுவாங்க. அந்தப் பொண்ணு கேட்டுச்சு. அது தன் பேர தானே சொல்லி வெச்சுட்டுப் போயிருக்குது. நான் இன்னாத்தப் பாட?"

லோகேஸ்வரன் எழுந்து குழாயடிக்குப் போனான். கிரீஸ் போகத் தேய்த்தான். போன பிறகும் தேய்த்தான். திரும்பி வந்தபோது கோபமாகத்தான் இருந்தான்.

"வெட்டாதணா."

"நெஜமாவா?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம்னு சொன்னவன் நான். அதுவே போதும். இன்னொரு தபா என்னால ஆவாது." துண்டைத் தோளில் எறிந்தான். "ஆனா ஒண்ணு. சினிமா இல்லன்னா வேற இன்னா? இதையே கேட்டுக்கினு ஒக்கார முடியாது. அடுத்த பாட்டு எப்ப?"

விக்ரம் போனை எடுத்துக்கொண்டு எழுந்தான். இந்த முறை வெறுமனே சரி என்று சொல்லவில்லை.

வெளியே வந்து தீபிகாவைக் கூப்பிட்டான்.

"வெட்ட முடியாது. பேரோட எடுத்துக்கறதா இருந்தா எடுத்துக்கச் சொல்லுங்க."

"சார், நீங்க சரின்னு சொன்னீங்களே?"

"தப்பா சொல்லிட்டேன். அது பாட்டுக்கு முன்னாடி வர்ற பேச்சு இல்ல. பாட்டு அங்கதான் ஆரம்பிக்குது."

அவள் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். வாரக் கடைசியில் கூப்பிட்டாள். படக்காரர்கள் வேறு பாட்டு பார்த்துக்கொண்டார்களாம். சொல்லிவிட்டுப் போனை வைக்காமல் இருந்தாள்.

"சார், நான் ஏனாத்தூர்தான். எங்களுக்கு அங்க நெலம் இருக்கு. காலேஜ் படிக்கும்போது உங்க பாட்ட ஆட்டோவுல கேட்டேன். மொதல்ல எனக்குப் பாட்டு புடிக்கல. அந்தப் பேருங்கதான் மனசுல நின்னுச்சு. காலனின்ற வார்த்தைய எங்க வூட்ல மெதுவாத்தான் சொல்லுவாங்க. ஒருத்தர் அவ்ளோ சத்தமா சொல்லி அன்னைக்குத்தான் கேட்டேன். படக்காரங்ககிட்ட இத எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க சொன்னது சரி சார்."

"சத்தமா சொன்னவன் பேரு லோகேஸ்வரன்," என்றான் விக்ரம். "மூணாவது சந்து."

"தெரியும் சார்," என்று சிரித்தாள்.

நியாயமாகப் பார்த்தால் அவனுக்கு வருத்தம் வர வேண்டும். கைக்கு வந்தது போயிற்று. ஆனால் அன்று வேலைக்குப் போகும் பஸ்ஸுக்கு முன்னால் யேசுதாசின் தோழர் ஒருவரின் ஆட்டோ போனது. முதுகில் கறுப்பு வட்டம். ஓரம் கிழிந்து, நடுவில் சேறு. பக்கத்து சீட்டில் இருந்த ஆள் அதென்ன டயரா என்று கேட்டார். விக்ரம் நிமிர்ந்து உட்கார்ந்தான். "எங்க கம்பெனி," என்றான்.

அடுத்த அமாவாசைக்கு அவன் போனைப் பார்க்கவில்லை. துரைக்கண்ணு வீட்டு வாசலில் நின்று கேட்டான். அவர் நாள்காட்டியை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்து காட்டினார். "நல்லாப் பாத்துக்கோ. வெள்ளி. வெள்ளிக்கெழம. எழுதித் தரட்டுமா?"

வெள்ளிக்கிழமை தெரு ஊமையாக இருந்தது. விக்ரம் லீவு போட்டுவிட்டு வந்து அறையைக் கூட்டினான். யேசுதாஸ் வந்தார். கங்கையம்மாள் ஒரு தூக்கு நிறைய வடகறியோடு வந்தாள். லோகேஸ்வரன் டோலக்குக்குப் புது வார் கட்டியிருந்தான். பிரியதர்ஷினி தலைக்குக் குளித்து, ஈரம் காயாமல் வந்தாள். இந்த முறை பூட்டு இல்லாத தாழ்ப்பாளை இரண்டு முறை தொட்டுப் பார்த்தாள். புதுப் பாட்டும் கங்கையம்மாளுடையதுதான். யாரைப் பற்றி என்று யாரும் கேட்கவில்லை. பாட்டில் காதில் மாட்டிவிட்டுக் கையைத் தூக்கச் சொல்லும் ஒருத்தி வந்தாள். உயிரோடு இருப்பவளைப் பாடுவதுபோலவே பாட்டு இருந்தது.

பதிவு செய்ய ஒருவர் வேண்டும். விக்ரம் அந்த நாற்காலியை இழுத்தான். அது தரையில் கிரீச்சென்றது. உட்கார்ந்தான். காதில் மாட்டினான். உள்ளே எல்லாரின் மூச்சும் கேட்டது. இவ்வளவு நாளும் அவள் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

வாசலில் நிழல் விழுந்தது. துரைக்கண்ணு. வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி.

"தறி இன்னைக்கு ஓடல," என்றார். "அதுக்குப் பதிலா நான் வந்தேன். வாடகைக்கு வுட்டவன் பேரு போன தபாவே வந்திருக்கணும்."

"பாடுவீங்களா?" என்றாள் பிரியதர்ஷினி.

"பேரு மட்டும் சொல்லுவேன்."

"வாங்க, வாங்க," என்று யேசுதாஸ் இடம் விட்டார். "மைக்கக் கடிச்சிடாதீங்க."

விக்ரம் பொத்தானை அழுத்தினான். சிவப்பு விளக்கு எரிந்தது.

கங்கையம்மாள். குளத்தங்கரை காலனி. யேசுதாஸ். மேட்டுக் காலனி, சர்ச்சு எதிர்ல. லோகேஸ்வரன், வழக்கம்போல் ஏலம். பிரியதர்ஷினி. பஞ்சுக்காரத் தெரு, கடைசி வீடு. துரைக்கண்ணு ஒரு அடி முன்னால் வந்து, கல்யாண மண்டபத்தில் பேசுவதுபோல், "துரைக்கண்ணு. இதே தெரு," என்று சொல்லிவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாரும் விக்ரமைப் பார்த்தார்கள். கை கீழே இறங்கக் காத்திருந்தார்கள்.

அவன் கையைத் தூக்கியிருந்தான். இறக்கவில்லை. எழுந்து, காதில் மாட்டியதோடு, வயர் எட்டும் தூரம் மைக் பக்கம் வந்தான். இத்தனை பாட்டுக்கும் வாசலில் நின்றவன். இந்த அறைக்குள் அவன் குரல் பதிவானதே இல்லை.

"விக்ரம்," என்றான். அவன் குரல் காதுக்குள் அவனுக்கே பெரிதாகக் கேட்டது. "மேட்டுக் காலனி."

மூச்சு விட்டான்.

"போலாம்பா."